தொட்டிக்குள் ஒரு கழிமுகம்

நடக்கும் மீனை வீட்டில் வளர்க்க விரும்புவோர் அறியவேண்டியவை

தண்ணீரை விட்டு வெளியே வந்தால் மீன் துடிதுடித்துச் செத்துப்போகும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்து, சேற்றில் நடைபோட்டு, மரத்தின் வேரில் ஏறி உட்கார்ந்து, அண்டை வீட்டு மீனுடன் எல்லைத் தகராறு செய்துவிட்டு, பிறகு சாவகாசமாகத் தன் வளைக்குத் திரும்பும் மீனும் இவ்வுலகில் உண்டு. நாளெல்லாம் தண்ணீருக்குள்ளேயே அடைத்து வைத்தால்தான் அது வாடிப்போகும்!

இந்த விந்தைப் பிராணியைச் 'சேறுதாவி' என்று தமிழ் நூல்களில் எழுதுகிறார்கள். நம் மீனவர்கள் 'உளுவை' என்று சொல்லும் மீன் கூட்டத்திற்கு இது பங்காளி. சென்னையில் வண்ண மீன் வளர்ப்போரிடையே இதன்மேல் மோகம் ஏற்படுவது வியப்பன்று. தங்க மீன் அழகாக நீந்தும், அவ்வளவுதான். சேறுதாவியோ வளர்ப்பவரைத் திரும்பிப் பார்க்கும். தலைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் இரு கண்களையும் உருட்டி, "என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்பதுபோல் கரைக்கு ஓடிவரும்.

ஆனால் இதற்கு வீடு அமைத்துக் கொடுப்பது லேசான காரியமல்ல. மயிலாப்பூர் மாடி வீட்டிலோ, தியாகராய நகர் அடுக்ககத்திலோ, நான்கடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறும் கடலும் கலக்கும் ஒரு கழிமுகத்தையே உண்டாக்கவேண்டும். அதைச் செய்யத் தெரியாமல் மீனை மட்டும் வாங்கி வந்தவர்கள், சில வாரங்களில் அதை வாரி வெளியே போட்டதுதான் மிச்சம்.

தரங்கம்பாடியில் ஏறிய மீன்

மீன் நிலத்தில் நடக்கும் என்ற சேதியை மேல்நாட்டு விஞ்ஞான உலகம் வாய்பிளந்து கேட்டதற்குத் தமிழ்நாடே ஒரு காரணம். தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் கையிலிருந்தபோது, அங்கே தால்டார்ஃப் என்ற ராணுவ அதிகாரி இருந்தார். 1791 நவம்பரில் ஒரு பனைமரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தாம் பிடித்ததாக அவர் எழுதியனுப்பினார். லண்டன் லின்னேயஸ் சங்கம் 1797ல் அதை வெளியிட்டது. அது சேறுதாவியல்ல, நம் ஏரி குளங்களில் கிடைக்கும் பனையேறிக் கெண்டை. அம்மீன் மெய்யாகவே மரமேறுமா என்பதில் பின்னால் பலர் சந்தேகம் எழுப்பினார்கள். தரையில் நகரும் என்பதை மட்டும் எவரும் மறுக்கவில்லை.

பனையேறிக்கு நிலம் ஓர் அவசர வழி. குளம் வற்றினால் வேறு குளம் தேடிப் போகும். சேறுதாவிக்கோ நிலந்தான் உத்தியோக ஸ்தலம். கடல்நீர் வடிந்து சேறு வெளியே தெரிந்ததும் அது வேலைக்குக் கிளம்புகிறது. நீர் ஏறியதும் வீடு திரும்புகிறது. கச்சேரிக்குப் போகும் குமாஸ்தாவைப் போல அவ்வளவு ஒழுங்கு!

நம் கடற்கரைகளில் காணப்படும் 'போலியாப்தால்மஸ் போடார்ட்டி' என்ற நீலப்புள்ளிச் சேறுதாவிக்கு 1770லேயே பல்லாஸ் என்ற விஞ்ஞானி பெயரிட்டுவிட்டார். சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்து பின்னர் மீன்வள அதிகாரியான பிரான்ஸிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட 'இந்தியாவின் மீன்கள்' என்ற பெருநூல், இந்நாட்டு மீன்களை ஆராய்வோருக்கு இன்றும் கைவிளக்காக உள்ளது.

உடம்பே ஒரு மூக்கு

சேறுதாவி கரையில் உயிர்வாழ்வது எப்படி? முதலாவது, அதன் செவுள் அறை. கரையேறும்போது வாயிலும் செவுளிலும் தண்ணீரையும் காற்றையும் அடக்கிக்கொள்கிறது. இரண்டாவது, அதன் தோல். தோலும் வாயின் உட்புறமும் ஈரமாக இருக்கும்வரை அவற்றின் வழியே பிராணவாயு ரத்தத்தில் கலந்துவிடும். ஈரம் உலர்ந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் அது அடிக்கடி பக்கவாட்டில் சாய்ந்து, தன் விலாவைச் சேற்றில் புரட்டிக்கொள்கிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் அதை விளையாட்டு என்று நினைப்பார்கள்.

கண்ணின் சேதி இன்னும் விசித்திரம். மீன்கள் கண் சிமிட்டுவதில்லை, சேறுதாவி சிமிட்டுகிறது. கண் முழுவதும் கீழே உள்ள குழிக்குள் இறங்கி, தோலாலான ஒரு கிண்ணத்தில் நனைந்து மேலே வரும். நாம் சிமிட்டுவது எதற்காகவோ அதற்காகவே இதுவும் சிமிட்டுகிறது: நனைக்க, துடைக்க, காக்க. 2023ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை விளக்கிற்று.

சாப்பிடும் விதமும் அப்படியே. அதற்கு நம்மைப் போல் நீட்டி மடக்கும் நாக்கு இல்லை. வாயில் அடக்கியிருக்கும் தண்ணீரையே நாக்காக்கிக் கொள்கிறது. இரையின்மேல் அந்த நீரைச் சற்றே பிதுக்கி, இரையோடு சேர்த்து உள்ளே உறிஞ்சிவிடும். ஆப்பிரிக்கச் சேறுதாவி ஒன்றை வேகமாகப் படமெடுத்து, பெல்ஜிய நாட்டு விஞ்ஞானிகள் 2015ல் இதைக் கண்டறிந்தார்கள்.

குடும்ப வாழ்க்கையோ கதைக்குரியது. சேற்றுக்குள் தோண்டிய வளையில் ஓர் அறை. அந்தச் சேற்றில் பிராணவாயு அநேகமாக இல்லை. எனவே ஆண் மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை நிரப்பிக்கொண்டு போய், அறையில் விட்டுவிட்டு, மறுபடி மேலே வருகிறது. அந்தக் காற்றுப் பையின் கூரையில்தான் முட்டைகள் ஒட்டியிருக்கும். பொரிக்கவேண்டிய இரவில், கடல்நீர் ஏறியதும், அதே தகப்பன் காற்றை வாயால் மொண்டு வெளியேற்றி அறையில் தண்ணீர் புக வழிசெய்கிறது. நீர் பட்டதும் குஞ்சுகள் பொரிந்து புறப்பட்டுவிடும். ஜப்பானிய விஞ்ஞானிகள் 2007ல் வெளியிட்ட விவரம் இது. இப்படிப்பட்ட பிராணியைக் கண்ணாடிக்குள் வைக்க நினைப்பவர், இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கவேண்டும்.

கடற்கரையில் இருந்த மீன் காட்சிசாலை

மீனைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கும் ஆசை சென்னைக்குப் புதிதல்ல. மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும், பொருட்காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்து மகிழ்ந்த ஊர் இது. 1909ல் மாநிலக் கல்லூரிக்கு எதிரே, மெரினா மணலில், நாட்டிலேயே முதலாவது என்று பேரெடுத்த மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. பொருட்காட்சிசாலையின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு மூலகாரணர். 1919ல் அது மீன்துறையின் வசம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் குண்டு விழும் என்ற பீதி பரவிய நாட்களில் மூடப்பட்டது. அந்தப் பழைய காட்சிசாலை பிறகு எழவேயில்லை.

பொதுமக்களுக்கான கண்ணாடித் தொட்டி மறைந்தாலும், வீட்டுத் தொட்டி பெருகிற்று. மூர் மார்க்கெட் 1985ல் தீக்கிரையாகும்வரை, வண்ண மீன் வேண்டுவோர் அங்கே போவார்கள். இன்று கொளத்தூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். தொட்டி, வடிகட்டி, கடலுப்புக் கலவை, நீர்ச் சோதனை மருந்து எல்லாம் கிடைக்கும்.

தொட்டியின் கணக்கு

சேறுதாவியின் தொட்டிக்கு உயரம் முக்கியமல்ல, அகலந்தான் முக்கியம். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் இருந்தால் நல்லது. தொட்டியின் பாதி கரை, பாதி நீர். நீரின் ஆழம் ஆறு அங்குலத்துக்கு மேல் தேவையில்லை.

கரைக்கு ஆற்று மணலே உத்தமம். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் உதவாது. அது உடைத்த கல். அதன் கூர்முனைகள் ஈரத்தோலைக் கிழித்துவிடும். மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் நீருக்குள் இறங்கும்படியாகவும் சரித்துப் போடவேண்டும். சரிவு குலையாமலிருக்க அடியில் வழவழப்பான கற்களை வைக்கலாம். "சேற்றில் வாழும் மீனுக்குச் சேறல்லவா போடவேண்டும்?" என்று தோன்றும். கழிமுகத்தில் கடல் நாளுக்கு இருமுறை சேற்றை அலசிக் கொடுக்கிறது. வீட்டில் அப்படி அலச ஆளில்லை. சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எடுத்து, நீரையும் கெடுத்துவிடும். புதிதாகத் தொடங்குவோருக்கு மணலே பத்திரம்.

ஏறி உட்கார ஒரு மரக்கட்டை வேண்டும். சுரபுன்னைக் கன்று கிடைத்தால் தொட்டிக்கே களை வந்துவிடும். அதன் முளை முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும், நட்டால் வேர்விடும். ஆனால் நாற்றுப்பண்ணையில் வளர்த்ததையே வாங்கவேண்டும். கழிமுகத்திலிருந்து பிடுங்கி வருவது, கோயில் குளத்துப் படிக்கல்லைப் பெயர்த்துவந்து வீட்டுக்கு வாசற்படி போடுவதற்கு ஒப்பாகும்.

மேலே கண்ணாடி மூடி அவசியம். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தொட்டிக்குள் காற்று ஈரமாக நிற்கவேண்டும். மற்றொன்று, இந்த ஆசாமி கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டே மேலேறக் கூடியவர். வயிற்றுப்பக்கத் துடுப்புகள் அதற்குத் துணை. வடிகட்டியின் குழாய் செல்லும் இடைவெளி போதும். மறுநாள் காலை பீரோவுக்கு அடியில் உலர்ந்து கிடப்பார்.

வெப்பத்தைப் பற்றி லண்டன்வாசிக்கு இருக்கும் கவலை சென்னைவாசிக்கு இல்லை. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இவற்றுக்கு உகந்தது. நம் கூடத்தில் அது இனாமாகவே கிடைக்கிறது. ஏ.சி. அறையில் மட்டும் வைக்கக்கூடாது. குளிரும் கெடுதல், உலர்ந்த காற்றும் கெடுதல். நேரே வெயில் படும் ஜன்னலோரமும் ஆகாது. மூடிய கண்ணாடிப் பெட்டி சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும்.

உப்பு எவ்வளவு?

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆற்று நீரில் அநேகமாக இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ளது உவர்நீர். சேறுதாவிக்கு லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் வரை போதும்.

மேலே சொன்ன தொட்டியில் முழுவதும் ஆறு அங்குலம் நீர் நின்றால் மூன்று கன அடி. அதாவது 85 லிட்டர். கரை அடைத்துக்கொண்டது போக, சுமார் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 12 கிராம் வீதம் 600 கிராம் உப்பு. எந்த உப்பு? சமையல் உப்பு கூடாது. கடல்நீரில் சோடியம் மட்டுமின்றி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. சமையல் உப்பில் அவை போய்விட்டன. கட்டிதட்டாமலிருக்கச் சேர்த்த சரக்குகள் வந்துவிட்டன. மீன்கடைகளில் கடல்மீன்களுக்கென்று விற்கும் உப்புக் கலவைதான் சரி.

"கடல் பத்து நிமிஷ நடை, ஒரு குடம் மொண்டு வந்தால் என்ன?" என்று பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் இருப்பவர்கள் கேட்கலாம். அவ்விரண்டு கரைகளுக்கும் இடையேதான் அடையாறு கடலில் கலக்கிறது. வடக்கே கூவம் கலக்கிறது. நகரத்தின் சாக்கடையும் சேர்ந்தே கலக்கிறது. அந்தக் குடத்தில் உப்போடு வேறு என்னென்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும், ஈரத்தோலையும் சுடும். ஒரு நாள் முழுவதும் வாளியில் வைத்துக் காற்று ஊதவிட்டோ, குளோரின் நீக்கும் மருந்து கலந்தோ பயன்படுத்தவேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீராயின், அதிலேயே எவ்வளவு உப்பு இருக்கிறதென்று முதலில் பார்த்துவிடவேண்டும். கடலோரப் பகுதிகளில் அது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

பார்ப்பது எப்படி? ஹைட்ராமீட்டர் என்ற கண்ணாடி மிதவை கடைகளில் கிடைக்கும். பால்காரரின் நாணயத்தைச் சோதிக்க அந்நாளில் வீட்டுக்கு வீடு வைத்திருந்த லாக்டாமீட்டருக்கு இது உடன்பிறப்பு. நல்ல தண்ணீரில் அது 1.000 காட்டும், கடலில் 1.025 அளவு. சேறுதாவித் தொட்டியில் 1.008க்கும் 1.012க்கும் இடையில் நிற்கவேண்டும்.

நீர் வற்றினால் எதை ஊற்றுவது என்பதும் முக்கியம். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்: தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். 50 லிட்டரில் 10 லிட்டர் வற்றினால், அதே 600 கிராம் உப்பு 40 லிட்டரில் நிற்கிறது. லிட்டருக்கு 15 கிராம் ஆகிவிடுகிறது. அப்போது உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வற்றியதற்கு நல்ல தண்ணீர். அழுக்கு நீரை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும் உப்புத் தண்ணீர். வாரந்தோறும் 12 லிட்டர் மாற்றுவதானால், ஏறக்குறைய 145 கிராம் உப்பு கரைத்துச் சேர்க்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தோட்டிகள்

தொட்டி தயார், மீனை விடலாமா? கூடாது. இன்னும் ஒரு மாதம் பொறுக்கவேண்டும்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் விஷமே. வேறுவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது அவ்வளவு கெடுதலில்லை, வாராந்தர நீர்மாற்றத்தில் குறைந்துவிடும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத தோட்டிகள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியில் வடிகட்டியை ஓடவிட்டு, சிறிது இறால் துண்டைப் போட்டு அவற்றுக்கு உணவளிக்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனை மருந்து சொன்ன பிறகே மீன் வரவேண்டும். இந்தத் தொட்டியில் நீர் குறைவு. ஆகவே கெட்டுப்போவதும் வேகம். பொறுமையில்லாதவர்களின் மீன்கள் முதல் மாதத்திலேயே போவதற்குக் காரணம் இதுதான்.

மற்ற மீன் வளர்ப்போர் மின்வெட்டுக்கு அஞ்சுவார்கள். சேறுதாவி காற்றைச் சுவாசிப்பதால் சில மணி நேரத்துக்கு அஞ்ச வேண்டாம். சென்னை வீடுகளில் அஞ்சவேண்டியது கொசு மருந்துக்கு. சுருளிலும் திரவத்திலும் இருக்கும் பைரித்ராய்டு ரசாயனங்கள் மனிதருக்கு அதிகக் கெடுதல் செய்யாவிட்டாலும் மீனுக்குக் கொடிய நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. சோப்புக் கையைத் தொட்டியில் விடுவதும் கூடாது. உப்பு ஈரம் இரும்பையும் செம்பையும் அரிக்குமாதலால், விளக்கையும் மின்சார இணைப்புகளையும் நீருக்கு எட்டாமல் வைத்து, குழந்தைகள் கைபடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை.

எந்த மீன், எத்தனை மீன்?

சேறுதாவியில் முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் வீட்டுக்கு ஏற்றவை 'பெரியாப்தால்மஸ்' வகையைச் சேர்ந்த சிறியவை. மூன்று நான்கு அங்குலம் வளரும். புழு, பூச்சி, சிறு நண்டு தின்னும். மண்புழுத் துண்டு, இறால் துண்டு, வெட்டுக்கிளிக் குஞ்சு ஆகியவற்றை நீரோரத்தில் வைத்தால் பழகிவிடும். நீரோரம் என்பது முக்கியம். தின்னும்போது வாயிலிருந்த நீர் போய்விடுமாதலால், உடனே சென்று நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அழகில் மயங்கி நீலப்புள்ளி போலியாப்தால்மஸை வாங்கிவிடக் கூடாது. அது சேற்றின்மேல் படரும் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலத்தை, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மேய்ந்து வாழ்கிற பிராணி. வெயிலும் கடலும் சேர்ந்து தினமும் விளைவிக்கும் அந்த மேய்ச்சலை வீட்டில் விளைவிக்க முடியாது. இறாலை அருகில் வைத்தாலும், அது பட்டினி கிடந்து மெலிந்து மடிந்துவிடும்.

எண்ணிக்கையிலும் ஆசை கூடாது. இவற்றுக்கு மண்ணாசை அதிகம். முதுகுத் துடுப்பைக் கொடிபோல் விரித்து, "இது என் பட்டா நிலம்" என்று அறிவிக்கும். மற்றது விலகாவிட்டால் கடி. கழிமுகத்தில் தோற்றவன் ஓட இடமுண்டு. நான்கடித் தொட்டியில் மூலைதான் உண்டு. ஆண் பெண் அடையாளமும் சுலபத்தில் தெரியாது. ஆகவே ஒன்று, மிஞ்சினால் இரண்டு, இடையில் மறைவாகக் கட்டையும் கல்லும் வைத்து வளர்ப்பதே விவேகம்.

ஒரு கேள்வி

இவ்வளவும் செய்யக்கூடியவர் முன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கடையில் விற்கும் தங்க மீனும் கப்பியும் பண்ணையில் பிறந்தவை. சேறுதாவியோ அநேகமாக எல்லாமே சேற்றுக்கரையிலிருந்து பிடித்துவரப்பட்டவை. முட்டைக்குக் காற்று சுமக்கும் அந்தத் தகப்பனுக்கு வேண்டிய ஆழச் சேற்றை எந்த வீட்டுத் தொட்டியும் கொடுப்பதில்லை. எனவே அவை வீட்டில் பெருகுவதில்லை. ஒன்று செத்து மற்றொன்று வாங்கினால், கழிமுகத்திலிருந்து இரண்டு குறைந்தது என்று பொருள். சரியாக வைத்திருந்தால் சில ஆண்டுகள் வாழும் பிராணி அது. அந்தச் சில ஆண்டுகளையும் கொடுக்க முடியுமென்றால் மட்டுமே வாங்குவது நியாயம். அலுத்துப்போனால் ஆற்றில் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் தவறு. வெளிநாட்டு இனமாக இருந்தால், நம் மீன்களுக்கு நோயும் போட்டியும் கொண்டுபோய்ச் சேர்த்ததாக முடியும்.

நம் வீட்டு வாசலிலேயே

தொட்டியில் வளர்ப்பவர் கைப்பட என்னென்ன செய்கிறார்? உப்பையும் நன்னீரையும் கலக்கிறார், நீரை இறக்கி ஏற்றுகிறார், கழிவை அகற்றுகிறார், ஈரம் காக்கிறார். இந்த நான்கு வேலைகளையும் கூலியின்றிச் செய்கிற ஓர் இடம் சென்னைக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் அடையாற்றின் கழிமுகம்.

சுமார் 42 கிலோமீட்டர் ஓடிவரும் அந்தச் சிறு நதி, தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் சோலையையும், வடகரையில் மீனவர் குடியிருப்பையும் கொண்டு கடலை அடைகிறது. 1977ல் வெள்ளத்தில் உடைந்த பாலம் இன்னும் அங்கே நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கேசவ பணிக்கரும், ஆர். கோபால ஐயரும் இந்நகரத்தின் உவர்நீர் உயிரினங்களை ஆராய்ந்து 1937ல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். சாக்கடை என்று நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் நீரில், புழுவும், நண்டும், சிப்பியும், மீனுமாக ஓர் உலகத்தையே அவர்கள் கண்டார்கள். அந்தப் பணிக்கர்தான் பின்னாளில், 1966ல் கோவாவில் தோன்றிய தேசியக் கடலியல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். உலகக் கடலை அளந்தவருக்கு அடையாற்றுச் சேறு பள்ளிக்கூடமாயிற்று!

அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவு இன்று அடிக்கடி மூடிக்கொள்கிறது. கடலோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் முகத்துவாரத்தில் திட்டாகச் சேர்ந்துவிடுகிறது. ஆற்றில் நீர் குறைந்த கோடை மாதங்களில் அதை உடைத்துக்கொண்டு போக ஆற்றுக்கு வலுவில்லை. சென்னையில் கடல் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். முகம் அடைபட்டால் அந்த ஒரு மீட்டரும் உள்ளே வராது. உப்பு மாறும், சாக்கடை தேங்கும், சேறு கறுக்கும். வடிகட்டியை நிறுத்திய மீன்தொட்டிக்கு நேரும் கதிதான். மழைக்காலத்துக்கு முன் இயந்திரங்களை வைத்து மணலைத் தோண்டி முகத்தைத் திறந்துவிடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளம், அந்த வாசல் எவ்வளவு முக்கியம் என்பதை நகரத்துக்கே உணர்த்திற்று.

நல்ல சேதியும் உண்டு. குப்பைமேடாகிக் கிடந்த அடையாற்று உப்பங்கழியில் 58 ஏக்கரைச் சீர்திருத்தி, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. குப்பையை அகற்றி, நீர்வழியை ஆழப்படுத்தி, அலையாத்திச் செடிகளை நட்டார்கள். கடல்நீர் வந்துபோக வழி கிடைத்தால், சேறு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பதற்கு அது சான்று.

வழக்குத் தொடுத்த மீன்

ஜப்பானில் அரியாகே கடல் என்றொரு விரிகுடா உண்டு. அங்கே சேறுதாவியை 'முட்சுகோரோ' என்று செல்லமாக அழைக்கிறார்கள். நீண்ட கோலில் கயிறும் தூண்டிலும் கட்டி வீசி, சேற்றில் தாவும் மீனைக் கொளுவி இழுப்பது அங்கே பரம்பரைத் தொழில், சுட்டும் தின்பார்கள். நம் நாட்டிலும் பம்பாய்ப் பக்கத்தில் 'நிவ்டி' என்ற பெயரில் இதைக் குழம்பு வைப்பதுண்டு.

அந்தக் கடலின் ஒரு பகுதியான இசஹாயா விரிகுடாவில், நிலமும் நன்னீரும் வேண்டி ஏழு கிலோமீட்டர் அணை போட்டார்கள். 1996ல் அதை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றபோது, வாதிகளின் பட்டியலில் முட்சுகோரோவின் பெயரையும் சேர்த்தார்கள். மீனுக்கு வழக்காட உரிமை உண்டா என்று ஊரெல்லாம் பேச்சு. 1997 ஏப்ரல் 14 அன்று ஏறக்குறைய 300 இரும்புத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறங்கி வாசலை அடைத்தன. உள்ளேயிருந்த சேற்றுவெளி உலர்ந்து வெடித்தது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட ஜப்பானிய மக்கள் பதைபதைத்தார்கள். கடல் வந்துபோகும் வாசல் அடைபட்டால் முடிவு என்ன என்பதை, அந்த வறண்ட சேற்றைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

பார்க்க ஆசையா?

நான்கடித் தொட்டிக்கு இடமோ, ஒரு மாதப் பொறுமையோ இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் பிச்சாவரம் இருக்கிறது. 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்றது. நீர் வடியும் நேரமாகப் பார்த்துத் துடுப்புப் படகில் ஏறி, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் போதும். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே சேறு அசையும். இரண்டு கண்கள் எழும். பிறகு கொடிபோல் ஒரு துடுப்பு விரியும்.

தொட்டி வைப்பவர்கள் கழிமுகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். கழிமுகத்தை ஆள்பவர்கள் தொட்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். உப்பும் நீரும் அளவோடு கலக்கவேண்டும், கழிவு தேங்கக்கூடாது, வாசல் திறந்திருக்கவேண்டும். சேறுதாவி கேட்பது அவ்வளவுதான்.